கஷ்டத்தை ஜயித்தவன் கதையும் கஷ்டத்தைச் செய்தவன் கதையும்

சமீப காலமாக நமது நாட்டில் ஆவணப் படம் என்பதாக ஒருவகைப் படங்கள் பெருகி வருவதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். கட்டுக்கதை இல்லாமல், வேஷம் போட்ட நடிகர்கள் இல்லாமல், உள்ள மனிதர்களையே உள்ளபடி காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் படங்கள் அவை. அவற்றிலும் பாட்டுக்காரர், வாத்தியக்காரர்களைப் பற்றிய படங்களுக்குத் தனி மதிப்பு இருந்து வருகின்றது. கண்ணில்லாமலும் காலில்லாமலும், பசியிலும் பட்டினியிலும் வளர்ந்து, அப்படியிருந்தும் "கஷ்டத்தை ஜயித்து" முன்னுக்கு வந்தவர்களைப் பற்றிய படமென்றால் கேட்கவே வேண்டியதில்லை. பார்க்கின்றவர்கள் அழுகின்றார்கள்; கை தட்டுகின்றார்கள்; பரிசு கொடுக்கின்றார்கள்; பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகின்றார்கள்.

இப்படங்கள் வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. புராணப் படங்களைவிட இவை ஆயிரம் மடங்கு மேலானவை என்பதே நமது அபிப்பிராயம். பாம்புப் படுக்கையையும் பறக்கும் ரதத்தையும் காட்டுவதைவிட, ஒரு தவில்காரரின் காய்த்துப்போன விரல்களைக் காட்டுவது மனிதனுக்கு எவ்வளவோ பிரயோஜனம். ஆனால், உண்மையைக் காட்டுகின்றேன் என்று புறப்பட்ட ஒரு படம் பாதி உண்மையைக் காட்டி மீதியை மறைத்துவிடுமானால், அது முழுப் பொய்யைவிட அதிகக் கெடுதி செய்யும். முழுப் பொய்யைச் சந்தேகிக்கின்றவன்கூட பாதி உண்மையை நம்பிவிடுவான் அல்லவா?

சென்ற மாதம் நமது புதுச்சேரி நகரில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள ஒரு மண்டபத்தில், ஒரு சங்கத்தார் "பெண்டா பிலிலி" என்னும் பிரஞ்சுப் படத்தைக் காட்டினார்கள். நாமும் போயிருந்தோம். 2010-ல் இரண்டு பிரஞ்சுக்காரர்கள் எடுத்து வெளியிட்ட படம் அது. ஆப்பிரிக்காவில், காங்கோ தேசத்துத் தலைநகரமான கின்ஷாசாவில், சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு கால் விளங்காமற்போன சிலர், தாங்களே ஒட்டுப்போட்டுச் செய்த மூன்று சக்கர வண்டிகளில் உட்கார்ந்து தெருவில் பாடிப் பிழைக்கின்றார்கள். ராத்திரியில் அட்டையை விரித்துப் படுக்கின்றார்கள். தகர டப்பாவில் ஒரு கம்பியைக் கட்டி, ஒற்றைத் தந்தி வாத்தியமொன்றைத் தானே செய்துகொண்ட ரோஜெ என்னும் பையன் அவர்களோடு வந்து சேருகின்றான். படக்காரர்கள் பல வருஷ காலம் கூடவே திரிகின்றார்கள். கடைசியில் அவர்களுடைய பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து, அவர்கள் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெரிய மேடைகளில் பாடுகின்றார்கள். நல்ல படம், மனிதனை மனிதனாகக் காட்டுகின்ற படம். பார்த்த நமக்கும் கண் கலங்கவே செய்தது.

படம் முடிந்ததும் அக்கிராசனம் வகித்த கனவான் எழுந்து பிரசங்கம் செய்தார். "பூர்வ ஜன்மத்து வினையினால் இவர்களுடைய காலை எடுத்துக்கொண்ட ஆண்டவன், அதற்கு ஈடாகச் சங்கீதத்தை வரமாகக் கொடுத்தான். அவன் ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவைத் திறப்பான்" என்றார். சபையோர் கை தட்டினார்கள்.

நாம் கேட்கின்றோம்: இளம்பிள்ளை வாதம் எப்படி வருகின்றது? மலம் கலந்த தண்ணீரிலும் ஆகாரத்திலும் சேர்ந்து குழந்தையின் வயிற்றுக்குள் போகும் ஒரு கிருமியினால் வருகின்றது. அதைத் தடுக்கும் மருந்து 1955 முதலாகவே உலகத்தில் இருக்கின்றது. பிற்பாடு அது நாக்கில் விடும் சொட்டு மருந்தாகவும் வந்தது; தவணை தவறாமல் இரண்டிரண்டு சொட்டு விட்டால் போதும். நமது இந்தியாவிலும் ஒரு காலத்தில் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கால் போய்க்கொண்டுதான் இருந்தது. வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்ட ஒரு குழந்தையோடு அந்த நோய் நின்றுபோயிற்று. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் இந்தியாவிலிருந்து அது ஒழிந்ததென்று சான்று கொடுத்தார்கள். அப்படியானால், பூர்வ ஜன்மத்தில் பாவம் செய்தவர்களெல்லாம் 2011-க்குப் பிறகு இந்தியாவில் பிறப்பதை நிறுத்திக்கொண்டார்களா? அல்லது சொட்டு மருந்தைக் கண்டதும் ஆண்டவன் தன் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டானா? கனவான் இதற்குப் பதில் சொல்லவில்லை. நாம் கேட்டது அவருடைய காதில் விழுந்தும் விழாததுபோல் காரில் ஏறிப் போய்விட்டார்.

இது நிற்க. நாம் வெளியே வந்தபோது கண்ட காட்சிதான் இதை எழுதும்படி செய்தது. அன்று விருந்தினர்களை வரவேற்க வாசலில் பறை அடிக்க நான்கு இளைஞர்களைக் கொண்டு வந்திருந்தார்கள். நன்றாக அடித்தார்கள், வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். அந்த நால்வரும் படம் முடியும்வரை வாசல் மதிற்சுவரை ஒட்டி நின்றுகொண்டே இருந்தார்கள். உள்ளே காலி நாற்காலிகள் எத்தனையோ கிடந்தன. ஏன் அவர்களை உள்ளே உட்காரச் சொல்லவில்லை என்று சங்கத்தார் ஒருவரைக் கேட்டோம். "அவர்கள் வெளியே நின்று பழக்கப்பட்டவர்கள்; கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்" என்றார். கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த இளைஞர்களில் ஒருவரிடம் போய், "படம் பார்த்தீர்களா தம்பி?" என்றோம். "இல்லீங்க ஐயா, சத்தம் மட்டும் கேட்டுது. நல்லா வாசிக்கிறாங்க" என்றார்.

வாசகர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும். எங்கேயோ ஆப்பிரிக்காவில் தெருவில் கிடந்த வாத்தியக்காரனுக்காக உள்ளே இருநூறு பேர் அழுகின்றார்கள். அதே நேரத்தில் அதே மண்டபத்தின் வாசலில் நம்மூர் வாத்தியக்காரனுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. அழுதவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்குப் படம் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது, மற்றொன்றைக் கற்றுக்கொடுக்கவில்லை. கஷ்டப்படுகின்றவனைப் பார்த்து உருகக் கற்றுக்கொடுத்தது. கஷ்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட படங்களில் கஷ்டம் என்பது மழை பெய்வதுபோலவும் வெயில் அடிப்பதுபோலவும் வானத்திலிருந்து தானாக வந்து விழுகின்றது. அதைச் செய்தவன் யாரும் இல்லை. ஜயித்தவன் ஒருவன்தான் இருக்கின்றான். ஒரு கிராமத்தில் வழியோரமாக மதில் இல்லாத பாழுங்கிணறு ஒன்று இருக்கின்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூறு பேர் விழுகின்றார்கள். தொண்ணூற்றொன்பது பேர் செத்துப்போகின்றார்கள். ஒருவன் மட்டும் நகத்தால் சுவரைப் பிறாண்டி ஏறி வந்துவிடுகின்றான். ஊரார் அவனுக்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, அவனுடைய வீரத்தைப் படமெடுத்துக் காட்டுகின்றார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கிணற்றை வெட்டி மூடாமல் விட்டவன் யார், அதற்கு மதில் கட்டக் காசு எவ்வளவு, ஏன் கட்டவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லையென்றால், அந்த மாலைக்கு அர்த்தம் என்ன? நூற்றொன்றாவது ஆளும் விழலாம் என்பதுதானே?

உண்மைப் படக்காரர்கள் மறைப்பதுண்டா என்று சிலர் கேட்கலாம். உலகமெல்லாம் புகழ்ந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். 2012-ல் வெளிவந்து 2013-ல் ஆஸ்கார் பரிசும் பெற்ற "சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்" என்ற படம், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ரொட்ரிகஸ் என்னும் பாடகரைப் பற்றியது. 1970-லும் 71-லும் அவர் போட்ட இசைத்தட்டுகள் சொந்த நாட்டில் விலை போகவில்லை. அவர் வீடு இடிக்கும் கூலி வேலைக்குப் போனார். அவருக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் அவருடைய பாட்டுகள் வீட்டுக்கு வீடு ஒலித்தன; அவர் செத்துப்போனதாகக்கூட அங்கே வதந்தி. கடைசியில் 1998-ல் அவர் அங்கே போய்ப் பாடினார். இவ்வளவும் நிஜம். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1979-லும் 1981-லும், அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பெருங்கூட்டங்களில் பாடியிருக்கின்றார் என்பதைப் படம் சொல்லவேயில்லை. ஏன்? சொன்னால் அற்புதம் குறைந்துபோகும். செத்தவன் எழுந்து வந்தான் என்ற ருசி போய்விடும். நமது பெரியோர்கள் புராணம் எழுதிய முறையும் இதுதானே! நடந்ததில் வேண்டாததைத் தள்ளு, வேண்டியதைப் பெரிதாக்கு, அதற்கு அற்புதம் என்று பெயர் வை. காமிரா கையில் இருப்பதனாலேயே ஒருவன் புராணிகன் ஆகாமல் தப்பிவிடுவதில்லை.

இனி நமது நாட்டு விஷயத்துக்கு வருவோம். நாதஸ்வரமும் தவிலும் தெய்வீக வாத்தியங்கள் என்று சொல்லாத வாய் இல்லை. ஆனால் அதை வாசித்தவனை இந்தத் தெய்வீக நாடு எப்படி நடத்திற்று? சுவாமி புறப்பாட்டில் மைல் கணக்கில் வெறுங்காலோடு நின்றும் நடந்தும் வாசிக்கவேண்டும். மேலே சட்டை கூடாது. தோளில் துண்டு இருந்தால் எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும். திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கிராப்பு வைத்து, நீண்ட அங்கி போட்டு, வாய்ப்பாட்டு வித்வான்களைப்போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். அவருக்குத் "தலைக்கனம்" என்றார்கள். சுயமரியாதை இயக்கத்தின் ஆரம்ப காலத்தில், கானாடுகாத்தானில் ஒரு கலியாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து என்னும் நாதஸ்வர வித்வான் தோளில் துண்டோடு வாசித்துவந்தார். துண்டை எடு என்று சில தனவந்தர்கள் அதட்டினார்கள். எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி பக்கத்தில் வந்து நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது.

இந்தக் காட்சியை இன்று ஒருவர் படமாக்குவதாக வைத்துக்கொள்வோம். வித்வானின் வாசிப்பை அருமையாகக் காட்டுவார்; அவர் வெயிலில் வியர்ப்பதையும் காட்டுவார்; "எத்தனையோ இடையூறுகளுக்கிடையில் கலையை வளர்த்தார்" என்று பின்னணியில் ஒரு குரல் சொல்லும். அந்த "இடையூறு"க்கு ஒரு முகம் உண்டு, ஒரு வாய் உண்டு, அது "துண்டை எடு" என்று சொல்லிற்று என்பதைக் காட்டுவாரா? அதைக் காட்டினால் தனவந்தரின் பேரன் படத்துக்குப் பணம் கொடுப்பாரா? இதுதான் நமது கேள்வி.

துண்டு, செருப்பு, நாற்காலி ஆகிய இவை அற்ப விஷயங்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இதே புதுச்சேரியில் 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வக்கீல், வெள்ளைக்காரர் மாதிரி பாதரட்சை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிஸ் பட்டணத்து உச்ச நீதிமன்றம் வரையில் முறையிட்டு ஜயித்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதி வைத்துக்கொண்டிருந்த சர்க்காரின் கீழேயே வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பட்டணம், மேற்கே கறுப்பர் பட்டணம் என்று ஊர் பிரிந்து கிடந்தது. 1954-ல் பிரஞ்சு ஆட்சி கைமாறிப் போயிற்று. வாய்க்கால் மட்டும் இன்னும் சிலருடைய மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றது. அன்று வாசலில் நின்ற நான்கு பிள்ளைகளே சாட்சி.

அடுத்தபடியாக "வரம்" என்னும் புரட்டைப் பற்றி. 2015-ல் அம்ஷன் குமார் எடுத்த "யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி" என்ற படம் தேசிய விருது பெற்றது. 1933-ல் பிறந்து 1975-ல், நாற்பத்திரண்டு வயதுக்குள் மறைந்துபோன அந்த ஈழத்துத் தவில் மேதையை நினைக்காமலிருக்க முடியாது. அவர் கையில் தெய்வம் குடியிருந்தது என்பார்கள். தெய்வம் குடியிருந்தால் சாதகம் எதற்கு? பிள்ளைப் பிராயத்திலிருந்து விடியற்காலையில் எழுந்து விரல் வீங்கும்வரை தட்டுவானேன்? நமது புதுச்சேரியைச் சேர்ந்த தவில் வித்வான் பி. தட்சிணாமூர்த்தி அவர்களுக்கும், மதுரைப் பக்கத்து அலங்காநல்லூரில் பறை கற்பிக்கும் வேலு ஆசான் அவர்களுக்கும் 2025-ல் ஒரே வருஷத்தில் பத்மஸ்ரீ கிடைத்தது. தவிலும் பறையும் தோல், குச்சி, மனிதனுடைய உழைப்பு ஆகிய மூன்றினாலும் ஆனவை. நான்காவதாக ஒன்று அதில் இல்லை. வேலு ஆசான் அவர்கள் ஜாதி பார்க்காமல் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுத்துவருகின்றார், கற்றவர்களெல்லாம் அடிக்கின்றார்கள். ஆகவே அது வரமல்ல, பாடம். வரமென்றால் கொடுத்தவனுக்குப் பெருமை. பாடமென்றால் கற்றவனுக்கும் கற்பித்தவனுக்கும் பெருமை. உழைத்தவனிடமிருந்து கூலியை மட்டுமல்ல, பெருமையையும்கூடப் பிடுங்கி ஆண்டவன் கணக்கில் எழுதுகின்ற தந்திரத்துக்குத்தான் வரம் என்று பெயர்.

பறையைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். சாவுக்கு வந்து அடி என்று ஊர் கட்டளையிட்ட வாத்தியம் அது. கலியாணத்துக்குக் கூப்பிட்டால் தீட்டு; பிணத்துக்கு முன்னால் அடிக்காவிட்டால் அடி உதை. ஆகவே பல கிராமங்களில் நமது தாழ்த்தப்பட்ட தோழர்கள் இனி அடிக்க முடியாது என்று பறையைக் கீழே போட்டார்கள். வேறு பலர், இது எங்கள் வாத்தியம், இழிவு உங்கள் புத்தியில்தான் இருக்கின்றது என்று அதையே மேடையில் ஏற்றினார்கள். இவ்விரண்டில் எது சரி என்று நம்மைக் கேட்டால், இரண்டும் சரியே என்போம். அடிக்க மாட்டேன் என்பதும் சுயமரியாதை. அடித்துக் காட்டுவேன் என்பதும் சுயமரியாதை. அடித்தே தீரவேண்டும் என்று இன்னொருவன் சொல்லுவதுதான் அடிமைத்தனம்.

சோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க சங்கீத ஆராய்ச்சிக்கார அம்மையார் 2011-ல் முனைவென்றி என்ற கிராமத்துப் பறைக்காரர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பிறகு திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைப் பற்றி "சக்தி வைப்ரேஷன்ஸ்" என்று மற்றொன்று எடுத்தார். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண் பிள்ளைகள் பறை கற்று மேடையேறுகின்ற இடம் அது. பெண் பறையைத் தொடக்கூடாது என்றவர்கள் வாயடைத்துப் போகும்படி அந்தப் பெண்கள் அடிக்கின்றார்கள். இந்தப் படங்கள் நமக்குப் பிடித்ததற்குக் காரணம், இவை கஷ்டத்தைக் கஷ்டம் என்று மட்டும் சொல்லாமல் ஜாதி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்பதே.

நமது ஊரிலேயே வாழ்ந்த ஓர் உதாரணமும் உண்டு. இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் 1955-ல் பிறந்த கே.ஏ. குணசேகரன் அவர்கள், நாட்டுப் பாடல்களைப் பாடி ஊரூராய்ப் போனவர், புதுவைப் பல்கலைக்கழகத்து நாடகப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர், 2016-ல் மறைந்தார். சிறு பிராயத்தில் ஜாதியினால் பட்ட அவமானங்களை 2005-ல் "வடு" என்ற புத்தகமாக எழுதினார். அவர் விரும்பியிருந்தால், "நான் தரித்திரத்தை ஜயித்துப் பேராசிரியனானேன்" என்று எழுதிக் கை தட்டு வாங்கியிருக்கலாம். அப்படி எழுதவில்லை. எந்த வீட்டில் எப்படித் தண்ணீர் ஊற்றினார்கள், யார் என்ன சொல்லி விரட்டினார்கள் என்று எழுதினார். வெற்றி என்று பெயர் வைக்காமல் வடு என்று பெயர் வைத்தார். ஆறிப்போன புண்ணும் அடித்தவனை மறக்காது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு கலைஞனின் வாழ்க்கையைப் படமெடுக்கப் போகின்றவர்கள் முதலில் படிக்கவேண்டிய பாடம் அந்தப் புத்தகம்.

பெண்களின் விஷயம் இதைவிட மோசம். 1976-ல் சத்யஜித் ராய், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றி "பாலா" என்ற சிறு படம் எடுத்தார். அம்மையார் வீணை தனம்மாளின் பேத்தி. 1918-ல் பிறந்த அவருக்குப் படம் பிடித்தபோது ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குலத்துப் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது. முத்துலட்சுமி ரெட்டியும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பட்ட பாடு வீண்போகவில்லை. ஒழித்தது முழுக்க முழுக்க நியாயம். ஆனால் ஊர் பெரிய மனிதர்கள் செய்தது வேறு. ஆட்டத்தை மட்டும் எடுத்துச் சுத்தி செய்து உயர்ந்த ஜாதிக்காரர் வீட்டு மேடைக்குக் கொண்டுபோய்விட்டு, அவமானத்தை அந்தப் பழைய வீட்டுப் பெண்களுக்கே சொத்தாக விட்டுவிட்டார்கள். கலை உள்ளே, கலைக்காரி வெளியே. அதே மண்டப வாசல்தான் இதுவும்.

வாத்தியம் வாசிப்பவனையாவது படம் பிடிக்கின்றார்கள். வாத்தியம் செய்பவன் எங்கே? மிருதங்கத்துக்குத் தோல் உரித்து, பதப்படுத்தி, வார் பிடித்துச் சுருதி சேர்க்கின்ற தொழிலாளிகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். அப்புத்தகத்தை வெளியிட முதலில் கொடுத்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்திரம் திரும்ப எடுத்துக்கொண்டது. பசுவின் தோல் மேடைமேல் ஏறலாம்; அதைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாது போலும்!

கஷ்டத்தைச் செய்தவன் யார் என்று சொல்லும் படங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன கதி என்று பாருங்கள். 1997 ஜூலையில் பம்பாய் இரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதைக் கண்டித்துக் கூடிய ஜனங்கள்மேல் போலீசார் சுட்டுப் பத்துப் பேர் மாண்டார்கள். அதைப் பொறுக்காமல் விலாஸ் கோக்ரே என்னும் பாட்டுக்காரர் தூக்குப் போட்டுக்கொண்டார். அவருடைய சிநேகிதரான ஆனந்த் பட்வர்தன் பதினான்கு வருஷம் உழைத்து 2011-ல் "ஜெய் பீம் காம்ரேட்" என்ற படத்தை முடித்தார். அதில் வரும் பாட்டுக்காரன் கஷ்டத்தை ஜயிக்கவில்லை. கஷ்டம் அவனை ஜயித்துவிட்டது. அதனாலேயே அது நிஜமான படம். 2017-ல் திவ்யபாரதி என்னும் தமிழ்ப் பெண், மலம் அள்ளும் தொழிலாளிகளைப் பற்றி "கக்கூஸ்" என்று படமெடுத்தார். தமிழ்நாட்டில் பல இடங்களில் அதைத் திரையிடவிடாமல் தடுத்தார்கள். அவர்மேல் வழக்குகளும் வந்தன. ஜயித்தவனைக் காட்டினால் விருது. செய்தவனைக் காட்டினால் வழக்கு. இதிலிருந்தே எது பாதி உண்மை, எது முழு உண்மை என்று தெரிந்துகொள்ளலாம்.

"கஷ்டத்தில் இருப்பவனுக்கு இப்படங்கள் தைரியம் கொடுக்கவில்லையா? அதையும் கெடுக்கலாமா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. பாகூரிலோ வில்லியனூரிலோ கால் விளங்காத ஒரு சிறுவன் கின்ஷாசாப் பாட்டுக்காரர்களைப் பார்த்து, நானும் ஏன் பாடக்கூடாது என்று எழுந்தால், அதைவிட நல்ல காரியம் வேறில்லை. ஆனால் அவன் பாடப் போகின்ற பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை இருக்கின்றதா? பஸ்ஸில் அவனை ஏற்றுகின்றார்களா? தைரியம் அவனுக்கு ஏற்கனவே இருக்கின்றது. இல்லாவிட்டால் இவ்வளவு நாள் நம்மோடு உயிர் வாழ்ந்திருக்க மாட்டான். வேண்டியது நமக்கு வெட்கம். கஷ்டப்படுகின்றவனுக்குத் தைரியத்தையும், கஷ்டப்படுத்துகின்றவனுக்கு வெட்கத்தையும் கொடுக்கின்ற படமே நல்ல படம். முன்னதை மட்டும் கொடுப்பது அரைப் படம்.

ஆகவே இனிமேல் இப்படிப்பட்ட படம் ஒன்றைப் பார்க்கும்போது வாசகர்கள் தங்களைத் தாங்களே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டுகின்றோம். இந்தக் கஷ்டத்தைச் செய்தவன் யார், அவனுக்குப் படத்தில் பெயர் உண்டா? இந்த வித்தை எப்படி வந்தது, கற்றுக்கொடுத்தவரும் உழைத்த வருஷங்களும் காட்டப்பட்டார்களா, அல்லது வரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களா? ஏறி வந்த ஒருவனைத் தவிர ஏறாமற்போனவர்கள் எத்தனை பேர்? படம் முடிந்த பிறகு இந்தக் கலைஞன் எங்கே உட்காருகின்றான், என்ன சாப்பிடுகின்றான்? இந்த நான்குக்கும் பதில் சொல்லுகின்ற படத்தை ஊர் ஊராய்க் காட்டுங்கள். சொல்லாத படத்தையும் காட்டுங்கள். காட்டிவிட்டு, பதிலை நீங்களே சபையில் எழுந்து சொல்லுங்கள்.

நமது புதுச்சேரிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் வாயும் கையும் வழங்காமல் கிடந்து 1922-ல் மறைந்தது இந்த ஊரில்தான். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கின்றது. சினிமாவுக்கு அவர் பெயரால் நமது சர்க்கார் விருதும் கொடுத்துவருகின்றது. பாரதிதாசன் பிறந்த ஊரும் இதுவே. இப்படிப்பட்ட ஊரில் கலைக்கு விழா எடுப்பவர்கள் கலைஞனுக்கு நாற்காலி போட மறக்கலாமா? வீட்டுக் கலியாணத்துக்குப் பறைக்காரரை அழையுங்கள்; நாதஸ்வரக்காரருக்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள்; சம பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை, ஆண்டவனுடைய அனுக்கிரகமும் வேண்டியதில்லை.

அந்தச் சங்கத்தார் அடுத்த மாதமும் ஒரு படம் போடப் போவதாகக் கேள்வி. அதற்கும் நாம் போவோம். அவர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒருமுறை வாசலை எட்டிப் பாருங்கள். மதிலை ஒட்டி யாராவது நிற்பார்களானால், அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்த பிறகு படத்தை ஓட்டுங்கள்.